எட்டுப் புடவைச் சம்பளம்

சென்னையில் ஒரு மாடிப்படி. ஏறி முடிக்கிற இடத்தில் கண்ணாடிக் கதவு. உள்ளே ஏசி அறையில் டை கட்டிய ஒருவர், அவர் எதிரில் நாற்காலி நுனியில் என் அப்பா. அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். கஞ்சி போட்ட வேட்டி, மடியில் மஞ்சள் பை, பைக்குள் அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதம். காஞ்சிபுரத்தில் முதல் பஸ் பிடித்து வந்திருந்தோம். அந்த ஏசிக் குளிருக்கு நைனாவின் முழங்கை மயிர் சிலிர்த்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

டைக்காரர் வெளிநாட்டுக்கு நர்சு அனுப்பும் ஏஜெண்ட். சவூதியில் எனக்குக் கிடைக்கப்போகும் சம்பளத்தை ரியாலில் சொன்னார். நைனாவின் முகம் மாறவில்லை. ரூபாயில் சொன்னார். அப்போதும் மாறவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, உதடு அசைய என்னமோ கணக்குப் போட்டுவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"மாசம் எட்டு பொடவ வருதுமா."

"புடவை எல்லாம் தரமாட்டாங்க சார், யூனிஃபார்ம்தான்" என்றார் ஏஜெண்ட்.

நைனா பட்டு நெசவாளி. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார். நெய்து கொடுத்தால் புடவைக்கு இவ்வளவு என்று கூலி. உடலையும் கரையையும் தனித்தனி நூலில் கோத்து நெய்கிற கோர்வைப் புடவைக்கு ஆள் இரண்டு வேண்டும். நடுவில் உட்கார்ந்து உடல் நெய்பவர் நைனா, பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் சுற்றிய நாடா விடுபவள் அம்மா. இருவரும் சேர்ந்து இடுப்பொடிய உட்கார்ந்தால் மாதம் இரண்டு புடவை இறங்கும்.

உலகத்தில் எந்தத் தொகையைச் சொன்னாலும் நைனா அதைப் புடவைக் கூலியாக மாற்றித்தான் விளங்கிக்கொள்வார். பள்ளிக்கூட வாத்தியார் மூன்று புடவை. தாசில்தார் ஆறு, மேல்வரும்படி தனி.

எட்டுப் புடவை என்று தெரிந்ததும் அவர் ஏஜெண்டை விடவில்லை. தங்க இடம் சும்மாவா, வாடகையா? அரிசிச் சோறு கிடைக்குமா? சம்பளம் தேதிக்கு வருமா, இழுத்தடிப்பார்களா? பொம்பளைப் பிள்ளைகள் மட்டும் இருக்கிற விடுதிதானே? தலைக்குத் தேங்காய் எண்ணெய் அங்கே விற்கிறதா? புது முதலாளியிடம் தறி ஒப்புக்கொள்கிற ஜாக்கிரதையோடு ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஏஜெண்ட் தலையாட்டினார். கேழ்வரகில் நெய் வடியுதென்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போச்சு என்பார்கள். எங்கள் மதி எட்டுப் புடவையிடம் போயிருந்தது.

ஒரே ஒரு கேள்வியை மட்டும் நைனா கேட்கவில்லை.

சம்பளத்தைச் சொல்லுங்கள்

இந்தத் தொடரில் ரத்தம், மாத்திரை, டாக்டர்களின் கோபம் எல்லாம் எழுதுகிறீர்கள், சம்பளம் மட்டும் எவ்வளவு என்று சொல்லாமல் நழுவுகிறீர்களே என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அவர் மகள் நர்சிங் படிக்கிறாளாம். நியாயமான கேள்வி. வயிற்றுப்பாட்டைப் பற்றிப் பேச நர்சு மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்?

முதலில் உள்ளூர்க் கதை. படிப்பை முடித்துவிட்டு ஊரிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். பிரசவம், பாம்புக்கடி, பஸ்ஸில் அடிபட்டது என்று எல்லாம் வரும். தாமல் கிராமத்திலிருந்து ஒரு தடவை நிறைமாதக்காரியை டிராக்டரில் போட்டுக்கொண்டு வந்தார்கள். பகல் டியூட்டி முடிந்தால் வீட்டுக்குப் போகலாம், ராத்திரி டியூட்டிக்காரி வந்தால். அங்கே என் மாதச் சம்பளம் முக்கால் புடவை.

சவூதியில் எட்டு. ஆனால் போன பிறகுதான் ஒன்று தெரிந்தது. அங்கே கூலி வேலைக்கு இல்லை, பாஸ்போர்ட்டுக்கு. ஒரே வார்டு, ஒரே டிரிப், ஒரே கட்டில்கள். அயர்லாந்துக்காரிக்கு முப்பது புடவை, பிலிப்பைன்ஸ்காரிக்குப் பன்னிரண்டு, எனக்கும் என் அறைத்தோழி கேரளத்து லில்லிக்கும் எட்டு. நீங்கள் படித்த இடம் அப்படி என்று காரணம் சொன்னார்கள். அயர்லாந்துக்காரி மேல் எனக்குக் கோபமில்லை. பாவம், அவளும் என்னோடு சேர்ந்து பெட்பேன் எடுத்தவள்தான்.

எங்கள் தெருமுனையில் நாகராஜு என்பவர் ஜரிகைக் கடை வைத்திருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிற மனிதர், என்னை 'அம்மாயி' என்பார். தெருவுக்கே அவர் கடையில்தான் ஒரு டெலிபோன். வெள்ளிக்கிழமைகளில் நான் கூப்பிடுவேன், நைனா முன்கூட்டியே போய்க் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். இந்தப் பாஸ்போர்ட் சம்பளத்தைப் பற்றி ஒரு வெள்ளிக்கிழமை நைனாவிடம் சொன்னேன்.

"ஒரே பொடவைக்கு ஆள் பாத்து கூலியா? இது எந்த ஊரு ஞாயம்மா?" என்றார். பிறகு அவரே, "எட்டு எட்டுதானே, உடு" என்றார்.

அந்த எட்டும் முழுதாக நிற்காது. முதல் வருஷம் ஏஜெண்டுக்குப் போனது, சாப்பாட்டுக்குப் போனது, டெலிபோன் பூத்துக்குப் போனது. வீட்டுக்கு ஐந்து வந்து சேர்ந்தால் பெரிது. அந்த ஐந்தில்தான் எங்கள் வீட்டு ஓட்டுக்கூரை தளமானது.

தறி நிற்கிற வழக்கம்

இதை இங்கே சொல்லாவிட்டால் மேலே எழுதப் போவது புரியாது.

எங்கள் தெருவில் ஒரு சாவு விழுந்தால் தறி நிற்கும். யாரும் வந்து நிறுத்தச் சொல்வதில்லை. அழுகைச் சத்தம் கேட்ட வீட்டில் கை நின்றுவிடும். அந்த வீட்டில் சத்தம் ஓய்ந்ததைக் கேட்டு அடுத்த வீட்டில் நிற்கும். காலை முதல் இரவு வரை தறிப் பலகை இடிக்கிற சத்தத்திலேயே குழந்தைகள் தூங்கி எழுகிற தெரு அது. திடீரென்று அமைதியானால் தொட்டிலில் இருக்கிற குழந்தை விழித்துக்கொண்டு அழும். பிணம் தெருவைத் தாண்டும்வரை யாரும் தறிக்குழியில் கால் வைக்கமாட்டார்கள். தெருப் பிள்ளையாருக்கும் பூஜை கிடையாது.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் தெருக்கோடியில் ஒருவர் இருந்தார். ஆகாத மனிதர். குழாயடியில் சண்டை, சாக்கடைக்குச் சண்டை, கோலம் தன் வாசலுக்கு வந்துவிட்டது என்று சண்டை. பாதித் தெருவோடு பேச்சு கிடையாது. அவர் போய்ச் சேர்ந்தது தீபாவளி நெருங்கின சமயம். எல்லார் தறியிலும் தீபாவளிப் புடவை பாதியில் நின்றது. மகன் சூரத்தில் வேலையாக இருந்தான். ரயிலேறி அவன் வந்து சேரும்வரை தெரு அசையவில்லை.

ஒரு முதலாளி ஸ்கூட்டரில் வந்து வீடு வீடாகக் கெஞ்சினார். கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்து, போயும் போயும் அந்த ஆளுக்காகவா தறியை நிறுத்தினீர்கள் என்று நைனாவிடம் எரிந்து விழுந்தார்.

"அவருக்கு இல்லீங்க, சாவுக்கு" என்றார் நைனா.

இப்படிப்பட்ட மனிதர் அந்த ஏஜெண்டிடம், வீட்டில் சாவு விழுந்தால் என் பெண்ணை அனுப்புவார்களா என்று எப்படிக் கேட்பார்? நீங்கள் சோறுதானே தின்கிறீர்கள் என்று கேட்பதுபோல் ஆகியிருக்கும். தண்ணிக் குழாய்ச் சண்டைக்காரருக்கே ஒரு தெரு நிற்கிறது, பெற்ற தாய்க்காக ஒரு ஆஸ்பத்திரி ஒரு நர்சை விடாதா? அவர் கேட்காத கேள்வி அதுதான். நானும் கேட்கவில்லை. தெருவில் யார் போயிருந்தாலும் கேட்டிருக்கமாட்டார்கள்.

மாசி மாதம்

நான் போன மறு வருஷம். இங்கே மாசி மாதம், அங்கே நோன்பு முடிந்து பெருநாள் விடுமுறை. வார்டில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தேன். மேட்ரன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவள் எகிப்துக்காரி, பருத்த உடம்பு, நடக்கும்போது மூச்சு வாங்கும். உட்காரச் சொன்னாள். நர்சு ஒருத்தியை மேட்ரன் உட்காரச் சொன்னால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். நாங்களே எத்தனை பேரை அப்படி உட்காரச் சொல்லியிருக்கிறோம்.

நாகராஜு எப்படியோ ஆஸ்பத்திரி நம்பரைப் பிடித்துச் சேதி சொல்லியிருந்தார். காலையில் தறியில் உட்கார்ந்து கரை போட்டுக்கொண்டிருந்த அம்மா, தண்ணி குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து, சமையலறை வாசலில் விழுந்திருக்கிறாள். டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது.

பூத்துக்கு ஓடினேன். நைனாவே கடையில் இருந்தார். அழவில்லை. நான்தான் அழுதேன். எனக்கு அண்ணன் தம்பி, அக்கா தங்கை யாரும் கிடையாது. அவர்களுக்கு நான் ஒருத்திதான்.

"நீ பொறப்பட்டு வாம்மா. ஐஸ் வெச்சி வெச்சிகினு இருக்கோம்" என்றார்.

அனுமதி கேட்டிருக்கிறேன் என்றேன்.

"சாவுன்னு சொன்னியா?"

"சொன்னேன் நைனா."

"அப்ப உட்டுடுவாங்க."

அந்த நாட்டில் வேலைக்கு வந்தவர் வெளியே போக, வேலை கொடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். பாஸ்போர்ட் ஆஸ்பத்திரியின் இரும்பு அலமாரியில். கையெழுத்துப் போடுகிற அதிகாரி பெருநாளுக்கு ஊருக்குப் போயிருந்தார். அவர் போட்டாலும் அதற்குமேல் முத்திரை வைக்கிற அரசாங்க ஆபீஸ் விடுமுறை முடிந்துதான் திறக்கும். மேட்ரன் கல்நெஞ்சுக்காரி இல்லை. என் முன்னாலேயே யார் யாருக்கோ போன் செய்தாள், ஒருவரிடம் கத்தினாள், ஒருவரிடம் கெஞ்சினாள். மறுநாள் காலையில் என் அறைக்கே மூச்சு வாங்க வந்து, முடியவில்லை மகளே என்றாள். அவளுடைய அம்மா செத்தபோதும் அவள் இங்கேதான் இருந்தாளாம். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். இரண்டு நாள் வேலைக்கு வரவேண்டாம், சம்பளம் பிடிக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தனியாக ஓடின தறி

லில்லி என்னைக் கையைப் பிடித்துப் பூத்துக்கு அழைத்துப் போனாள். நாகராஜு எடுத்தார். அவர் ஹலோ சொல்வதற்கு முன்பே எனக்குத் தறிச் சத்தம் கேட்டது.

அம்மாவை எடுத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அம்மா தெருவைத் தாண்டிவிட்டாள், தெரு வேலைக்குத் திரும்பிவிட்டது என்று. அப்புறம் கவனித்தேன். ஓடினது ஒரே ஒரு தறி. எங்கள் வீடு கடைக்கு எதிர் வரிசையில் மூன்றாம் வீடு. அது நைனாவின் கை. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம், எனக்குத் தெரியாதா? ஆனால் ஏதோ சரியில்லை. இருவர் உட்கார்ந்து நெய்தால் நைனா பலகையை இடித்ததும் ஒரு நொடி நிற்கும், அம்மா கரைக்கு நாடா விடுகிற நேரம் அது. அந்த நிறுத்தம் இல்லை. பலகை விடாமல் இடித்துக்கொண்டே இருந்தது.

இன்னும் எடுக்கவில்லையா என்று கேட்டேன்.

நாகராஜு சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன். "எடுக்கல அம்மாயி. நீ வருவேன்னு இருக்குது எல்லாம். ரெண்டாவது நாளா தெருவே கூலி இல்லாம நிக்குதேன்னு ஒங்க நைனாவுக்குத் தாங்கல. அவங்கவங்க வேலைய பாருங்கபான்னு வூடு வூடா போயி சொன்னாரு. எவனும் கேக்கல. அதான் அவரே போயி தறில ஒக்காந்துட்டாரு. அவரு தறி ஓடுனா தெருவும் ஓடும்னு பாக்கறாரு."

மத்தவங்க ஓட்டறாங்களா என்று கேட்டேன்.

"ஒருத்தனும் ஓட்டல."

முன் அறையில் அம்மா ஐஸ் கட்டி நடுவில் கிடக்கிறாள். பின் அறையில் நைனா அவளில்லாமல் நெய்கிறார். தெரு வாசலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. எல்லாரும் எனக்காக. நான் பூத்துக் கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றேன். எனக்கு வந்த ஆத்திரம் யார் மேல் என்று இன்றுவரை தெரியவில்லை. வாயில்லாத ஒரு பெருநாள் விடுமுறை மேல் யாராவது ஆத்திரப்பட முடியுமா?

"நான் வரலன்னு சொல்லுங்க நாகராஜு மாமா. தறிய நிறுத்தச் சொல்லுங்க. அம்மாவ எடுக்கச் சொல்லுங்க" என்றேன்.

பெற்றவளை எடுக்கச் சொல்லி உத்தரவு கொடுத்த மகள் நான். சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. அங்கே யாரும் அதைச் சொல்லமாட்டார்கள்.

அவர் போனைக் கல்லா மேல் வைத்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் அந்தத் தறியும் நின்றது.

தெருமுனை

எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. பிணத்தோடு தெருமுனை வரை போகலாம், அங்கே நின்று மாரடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். நாகராஜு கடை தெருமுனையில். எத்தனை மணிக்கு எடுப்பார்கள் என்று எனக்குச் சொன்னவர் அவர்தான். அந்த நேரத்துக்குக் கூப்பிடு அம்மாயி என்றார்.

கூப்பிட்டேன். அவர் ரிசீவரைத் தெருப்பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டார் என்று பிற்பாடு கடையில் இருந்தவர்கள் சொன்னார்கள். சங்கு கேட்டது. சேகண்டி கேட்டது. பெண்கள் அழுதுகொண்டு நெருங்கி வந்தார்கள், என் பெயரைச் சொல்லியும் யாரோ ஒருத்தி அழுதாள். மகள் எங்கே நிற்க வேண்டுமோ அந்த இடத்தில் என் காது நின்றது. சங்கு தூரமாகிப் போய் அடங்கினபிறகும் அவர் ரிசீவரை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. வாய்க்கரிசி போடத்தான் எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

சொன்ன சொல் தவறாமல் ஆஸ்பத்திரி அந்த இரண்டு நாளுக்கும் எனக்குச் சம்பளம் போட்டது.

நின்ற தறிக்கு

ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்தேன். நைனா இளைத்திருந்தார். கரை போட வாரக் கூலிக்கு ஒரு பெண்ணை வைத்திருந்தார். அன்று தனியாக நெய்த நாலு விரல் அகலத்தை, கரையில்லாத நெசவு என்று, இழை இழையாகப் பிரித்து எடுத்துவிட்டுத்தான் அந்தப் புடவையை முடித்துக் கொடுத்தாராம். அதைப் பிரிக்க நெய்ததைவிட அதிக நேரம் பிடித்ததாம்.

தெருவில் எல்லார் வீட்டுக்கும் போனேன். பேரீச்சம்பழம் கொடுத்தேன். ஒவ்வொரு வீட்டிலும் தலையைத் தடவினார்கள், தளம் போட்ட வீட்டைப் பற்றிப் பேசினார்கள், அந்த இரண்டு நாளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. என் சம்பளத்திலிருந்து அந்த இரண்டு நாள் கூலியை வீட்டுக்கு வீடு கொடுத்துவிடலாமா என்று நைனாவிடம் கேட்டேன்.

"சாவுக்கு நின்ன தறிக்கி கூலி கெடையாதும்மா. குடுத்தா மூஞ்சில அடிச்ச மாதிரி ஆயிடும்" என்றார்.

பிறகு நான் மறுபடியும் சவூதிக்குப் போனேனா என்று கேட்பீர்கள். போனேன். எட்டு பத்தாகியிருந்தது. அந்த முறை போவதற்கு முன் கேட்க வேண்டியதைக் கேட்டேன், பார்க்கலாம் என்றார்கள்.

கன்னியப்பன் கேட்டது

பல வருஷம் கழித்து, நான் ஊரோடு வந்துவிட்ட பிறகு, கன்னியப்பன் வீட்டுக்கு வந்தான். என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன், எங்களுக்கு எதிர் வீடு, தறிக்காரன். மகளை நர்சிங் படிக்க வைத்திருந்தான். இங்கிலாந்துக்கு ஆள் எடுக்கிறார்கள், சென்னையில் இன்டர்வியூ என்று சொல்லிவிட்டு, எவ்வளவு வரும் என்று கேட்டான்.

எனக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அங்கே பாஸ்போர்ட் பார்த்துச் சம்பளம் இல்லை, அவர்கள் நர்சுக்கு என்னவோ அதேதான். ஆனால் போன உடனே கிடைக்காது. நம் ஊர்ப் படிப்பை அவர்கள் ஒத்துக்கொள்ளும்வரை சில மாதம் முதியோர் இல்லத்தில் ஆயா வேலை, ஆயா சம்பளம். பவுண்டை ரூபாயாகப் பெருக்கிப் பெருக்கிப் பார்க்காதே, வாடகையும் வரியும் பஸ்ஸும் பவுண்டில்தான் போகும், குளிருக்குக் கோட்டு வாங்கவே முதல் மாதச் சம்பளம் சரியாகிவிடும். நிலைத்துவிட்டால் கண்ணியமான சம்பளம். வாசகி, உங்கள் மகளுக்கும் இதுதான் பதில்.

கன்னியப்பன் கண்ணை மூடினான். உதடு அசைந்தது. எனக்கு அந்தக் கண்ணாடிக் கதவும் மஞ்சள் பையும் ஞாபகம் வந்தன.

"செலவு போவ, பதினஞ்சு பொடவ நிக்கும்" என்றான்.

"நிக்கும். ஆனா ஒண்ணு. வூட்ல சாவுன்னா பொண்ண அனுப்புவாங்களான்னு மொதல்ல கேளு கன்னியப்பா. சம்பளத்த பின்னால கேளு."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அந்த இரண்டு நாளும் தறியை நிறுத்திவிட்டு எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தவன். அம்மாவின் பாடையில் ஒரு பக்கம் தோள் கொடுத்தவனும் அவன்தான். விரலால் தரையைத் தேய்த்தான்.

"அத கேட்டா வேல குடுப்பாங்களா தேவகி?" என்றான்.

காபி போட்டுக் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனான். அடுத்த வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் சென்னைக்குப் போனான். அங்கே அதைக் கேட்டானா என்று நான் விசாரிக்கவில்லை.